ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா? பதினோரு ஆண்டுகள் வைத்திருந்த அனுபவத்திலிருந்து ஒரு பதில்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1976ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்று விலைக்கு வருகிறது. கூரை திறந்த அந்தக் காரின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பாதி நாள் நடுவழியில் நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா? அதனோடு வாழ்வது உண்மையில் எப்படி இருக்கும்?"

வாங்கலாம். நடுவழியில் நிற்குமா என்றால், நிற்கும். கோவென்ட்ரிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டில் 1977ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்று பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. அது நின்ற ஒவ்வொரு முறையும் தேதி, இடம், காரணம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது. அதில் ஐந்து மின்சாரக் கோளாறு. இரண்டு முறை பெட்ரோல் சூடேறி ஆவியானது. ஒரு முறை கிளட்ச். ஒரு முறை முன்சக்கரமே மடிந்துபோனது. முதலில் சொன்ன ஏழையும் கையிலிருந்த சாமான்களைக் கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்து ஓட்டி வந்தேன். கடைசி இரண்டுக்கு மட்டும் இழுவை வண்டி வந்தது. இந்த வண்டி பழுதானால் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அதனால்தான் இதைப் பதினோரு ஆண்டுகளாக விற்க மனம் வரவில்லை.

இது எப்படிப்பட்ட கார் என்று தெரிந்தால் அதன் கோளாறுகளும் புரியும். கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் நிறுவனம் 1959இல் ஹெரால்டு என்ற குடும்பக் காரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலொட்டி. ஹெரால்டுக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டகம், உண்டு. பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்தச் சேஸியைக் குட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் மிக்கெலொட்டி வரைந்து கொடுத்தார். ஆனால் நிறுவனத்திடம் பணம் இல்லை. செய்துபார்த்த மாதிரி வண்டி தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனம் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப்பை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. 1980 ஆகஸ்டு வரை கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

ஆக, பார்வைக்குப் பந்தயக் கார் போல இருந்தாலும் உள்ளே இருப்பது சாதாரணக் குடும்பக் காரின் உறுப்புகள். விலை குறைவாக இருந்ததற்கும், பல இடங்களில் அது தன் சக்திக்கு மீறி உழைப்பதற்கும் அதுவே காரணம். நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. திருச்சியில் என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. அதன் பானட் மற்றக் கார்களைப் போல் முன்பக்கமிருந்து திறக்காது. இரண்டு பக்கக் கொக்கிகளை விடுவித்தால் முன்பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழும். வாசலில் அவர் அதைத் திறக்கும்போது நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நிற்போம். ஒரு வண்டியின் வயிறு முழுவதையும் அப்படித் திறந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல்முறை.

ஸ்பிட்ஃபயரின் பானட்டும் அப்படியே கவிழும். நீங்கள் முன்டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். எஞ்சினின் இரு பக்கமும் கை தாராளமாகப் போகும். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் எதிரே விரித்துவைத்த மாதிரி இருக்கும். இன்றைய கார்களில் ஒரு பல்பை மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இதில் கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட எனக்கு ஒரு முற்பகல் போதும். இந்த ஒரு வசதிக்காகவே, முதல்முறையாகப் பழைய கார் வாங்குகிறவருக்கு மற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைவிட இதைத்தான் சொல்வேன்.

இனி மின்சாரம். அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலான மின்சாமான்கள் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் செய்தவை. சென்னையில் 'பாடி லூகாஸ்' நிறுத்தத்தில் பஸ் ஏறியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் ஆலை அங்கே இருக்கிறது. இங்கே பிரிட்டனில் பழைய கார்க்காரர்கள் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள், விளக்கு எப்போது அணையும் என்று தெரியாது என்பதால். அந்தக் கேலியை நான் ஏற்கவில்லை. என் நோட்டில் உள்ள ஐந்து மின்கோளாறுகளில் எதுவும் லூகாஸ் செய்த சாமானால் வந்ததல்ல. ஒன்று, பிற்காலத்தில் யாரோ ரேடியோவுக்காக இழுத்து முறுக்கிவிட்ட வயர். ஒன்று, புதிதாக வாங்கிய உதிரிபாகம். மீதி மூன்றும் எர்த்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தக் கோளாறு ஒருமுறை புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு விளக்குக்கும் பாட்டரியிலிருந்து ஒரு வயர் வரும். திரும்பிப் போகும் வழி காரின் இரும்பு உடம்பு. விளக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் இறங்கி, உடம்பில் ஒரு திருகாணியில் முடியும். அந்தத் திருகாணிக்கடியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஈரம் ஏறி, பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் வேறு விளக்கின் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். வாங்கிய முதல் ஆண்டு நவம்பரில், இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அது மங்கலாகத் துடித்தது. கூடவே பார்க்கிங் விளக்கும் துடித்தது. ஹெட்லைட் எரிந்தால் இண்டிகேட்டர் அறவே நின்றுவிடும். ஏதோ பேய்ச் சேட்டை போல இருந்தது. பல்பை மாற்றினேன், ஃபிளாஷரை மாற்றினேன், சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் மாலைநேரம் எல்லாம் அதிலேயே போயிற்று. வேலைவிட்டு வந்து குளிரில் கைவிரல் மரத்துப்போய், விடை தெரியாமலே பானட்டை மூடிவிட்டு உள்ளே வரும்போது மனம் நொந்துபோகும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் அண்டை ஊரில் ஹெரால்டு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். நீளமான வயர் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையில் வைத்தார். மறுமுனையை விளக்கின் உடம்பில் தொட்டார். இண்டிகேட்டர் பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான். ரேடியேட்டர் பக்கத்தில் இருந்த கறுப்பு வயர்களின் இணைப்பைப் பிரித்து, உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டினோம். செலவு ஒன்றுமில்லை. பானட் ஒவ்வொரு முறை கவிழும்போதும் அந்த வயர்களும் சேர்ந்து வளைகின்றன, அதனால்தான் அங்கே முதலில் பார்த்தேன் என்று அவர் சொன்னார்.

வயரின் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கறுப்பு எர்த். பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் வருவது. பச்சை, அதுவே ஃப்யூஸைத் தாண்டி வருவது. ஊதா, சாவி இல்லாமலே ஃப்யூஸ் வழியாக வருவது. சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட். அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் இதே வரிசைதான். இதைத் தெரிந்துகொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நீட்டினால், முன்பு வெறும் நூல்கண்டாகத் தெரிந்தது எழுத்தாகத் தெரியும். ஒரு மொழியை முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த மகிழ்ச்சி அது.

புதிய உதிரிபாகம் என்றேன் அல்லவா, எனக்கு உண்மையான கோபம் அங்கேதான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் என்ற சின்னத் துண்டு, நம் கட்டைவிரல் நுனி அளவு. சர்வீஸ் செய்யும்போது கடமையாக நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன். முந்நூறு மைல்கூட ஓடவில்லை. கிராமச் சாலை ஒன்றில், மழையில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எஞ்சின் அணைந்தது. பாயிண்ட் இடைவெளி சரியாக இருந்தது. கண்டென்சர் மாற்றியும் பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான், டிக்கியில் டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய ரோட்டாரை மாட்டிப் பார்க்கத் தோன்றியது. முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புதியதன் பிளாஸ்டிக் வழியாகவே மின்பொறி கசிந்து இறங்கியிருந்தது. முப்பது ஆண்டு உழைத்த பழையது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. இந்தக் காருக்கு ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் கிடைக்கும். அது பெரிய பாக்கியம். ஆனால் கிடைப்பதெல்லாம் தரமானதல்ல. எந்தச் சாமான் யாரிடம் நன்றாக இருக்கிறது என்பதை ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற சங்கங்களில் உள்ளவர்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நன்றாக ஓடும் பழைய சாமானைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள்.

பெட்ரோல் ஆவியான இரண்டும் ஜூலை மாதப் போக்குவரத்து நெரிசலில் நடந்தவை. இந்த எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கோடைவெயிலில் நின்று நின்று போனால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்துவிடும். பானட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆறவிட்டால் தானாகவே சரியாகும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களை அது அரித்துவிடும். குழாய்களை மாற்றிவிடுங்கள், எத்தனால் குறைந்த உயர்ரக பெட்ரோலையே போடுங்கள்.

அடுத்து முன்சக்கரம். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு, கீழே டிரன்னியன் என்ற பித்தளைக் குப்பிக்குள் திருகுமரை போலச் சுழல்கிறது. ஹெரால்டிலும் இதே அமைப்புதான். அந்த மரைக்குள் கெட்டியான கியர் ஆயில் போக வேண்டும். 90 எண் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் காய்ந்து இறுகி வழியை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கி எஃகு துருப்பிடித்து, ஒருநாள் மரையின் அடியிலேயே முறியும். திருச்சியில் பெரியப்பாவின் மெக்கானிக் கிரீஸ் கன்னுக்குள் ஆயிலை ஊற்றி அடிப்பதைப் பார்த்து, ஏன் இந்த விசித்திரம் என்று அப்போது நினைத்திருக்கிறேன். அதன் காரணம் எனக்கு நாற்பது வயதில் விளங்கியது. வாங்கி மூன்றாவது மாதம், ஒரு கடையின் வண்டி நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியின் வலது மூக்கு தரையில் உட்கார்ந்தது. சக்கரம் மட்கார்டுக்கடியில் சாய்ந்து கிடந்தது. நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் முறியாமல் அங்கே முறிந்தது யார் செய்த புண்ணியமோ. அன்றிரவு முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுகளைப் புரட்டினேன். சர்வீஸ் தவறாமல் நடந்திருந்தது. ஒவ்வொரு ரசீதிலும் 'கிரீஸ்' என்று எழுதியிருந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, பழைய ஆயில் கசிந்து வெளியே வரும்வரை புது ஆயில் அடிக்கிறேன். பத்து நிமிட வேலை.

கிளட்ச் நின்ற கதையில் சொல்ல ஒன்றுமில்லை; ரப்பர் சீல் தேய்ந்துபோனது.

துருவைப் பற்றி என் நோட்டில் எதுவும் இல்லை, ஏனென்றால் துருவால் வண்டி நிற்பதில்லை. ஆனால் பணத்தையும் தூக்கத்தையும் அதிகம் தின்றது அதுதான். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற இரும்பு, இங்கே 'சில்' என்பார்கள், உள்ளிருந்தே உளுத்துப்போகும். தனிச் சேஸி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஸ்பிட்ஃபயரில் பாடியின் பலம் பெரிதும் அந்தச் சில்லில்தான் இருக்கிறது. வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்து, உள்ளே பட்டி அப்பி மறைத்திருப்பார்கள். என்னுடையதன் வலது சில்லை ஸ்குரூடிரைவரால் லேசாகத் தட்டியபோது, முனை அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது. கதவுத் திறப்பு சுருங்கிவிடாமல் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்துத்தான் பழையதை வெட்டி எடுக்க முடிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டி அசையவில்லை. பழுதான எஞ்சினைச் சரியாக்கலாம். உளுத்த பாடியைச் சரியாக்கும் செலவில் நல்ல வண்டி ஒன்றே வாங்கிவிடலாம். ஆகவே, எஞ்சின் சரியில்லாமல் பாடி நன்றாக இருக்கும் வண்டியைத்தான் தேட வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதைத்தான் காட்டுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எதற்காக வைத்திருக்கிறேன் என்றால், ஒரு மே மாதக் காலையைச் சொல்ல வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் முதலில் கரகரத்து, பிறகு மெல்லத் தன் தாளத்துக்கு வரும். அரை மைலுக்குள் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். எடை ஏறத்தாழ 800 கிலோ. 1493 சிசி எஞ்சின், 71 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள்கூட இதை முந்திவிடும். ஆனால் உட்காரும் இடம் அவ்வளவு தாழ்வு. கதவைத் திறந்து கையை நீட்டினால் சாலையைத் தொடலாம். அந்த உயரத்தில் நாற்பது மைல் வேகமே காற்றாய் அறைகிறது. வேலியோரப் பூக்களின் மணம், வெட்டிய புல்லின் மணம், முன்னே போகும் டிராக்டரின் டீசல் நெடி எல்லாம் அடுத்தடுத்து வரும். கியர்க் குமிழின் மேலேயே ஓவர்டிரைவ் சுவிட்ச் இருக்கிறது. நான்காவது கியரில் கட்டைவிரலால் அதைத் தள்ளினால், கிளட்சைத் தொடாமலே எஞ்சினின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, வண்டி நீண்ட மூச்சு விட்டதுபோல் அமைதியாகும். பதினோரு ஆண்டுகளாகியும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறேன். குறுகிய தெருவில் திரும்ப வேண்டுமென்றால் ஏறத்தாழ 24 அடிக்குள் முழுவட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்சிக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள்.

வண்டி என்னிடம் பேசுகிறது என்று சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு நொடி தடுமாறினால், கார்புரேட்டரின் தலையில் உள்ள கறுப்பு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே மெல்லிய ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் வற்றியிருக்கும். நாலு சொட்டு விட்டால் தடுமாற்றம் போய்விடும். காரணமும் விளைவும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பொருள் என் அன்றாட வாழ்வில் வேறெதுவும் இல்லை. நாள் முழுதும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற எனக்கு, சனிக்கிழமை கையில் கறை படிய ஒன்றைச் சரிசெய்து, அது உறுமி எழுவதைக் கேட்பது பெரிய நிறைவு.

சட்டத்தில் தொல்லை இல்லை. நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது. 2018 மே முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். பிரேக்கையும் அடிப்பாகத்தையும் இன்னொருவர் கண் பார்ப்பது நல்லது. இதை ஒரே காராக வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டிய வண்டியாக இருந்தால், அதன்மீது உங்களுக்கு இருக்கும் அன்பு ஆறு மாதத்தில் வெறுப்பாகிவிடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1500 எஞ்சினில் அடிப் பேரிங்குகள் சீக்கிரம் தேயும். குளிர்ந்த நிலையில் கிளப்பியதும் முதல் சில நொடிகள் அடியிலிருந்து வரும் தட்டுச் சத்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். சூடான பிறகு கேட்காமல் போகலாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போய்ச் சில் நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பானட்டைக் கவிழ்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் கப்பியை உற்றுப் பார்த்தபடி ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். கப்பி கண்ணுக்குத் தெரியுமளவு முன்னால் நகர்ந்தால், எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் அரைவட்டத் தகடுகள் தேய்ந்துவிட்டன. ஆயில் தொட்டியைக் கழற்றி அவற்றை மாற்றலாம், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஆனால் அவை ஏற்கெனவே கழன்று தொட்டிக்குள் விழுந்திருந்தால் எஞ்சின் கட்டையே வீணாகியிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். தனியாகப் போய் இதைச் செய்ய முடியாது. சனிக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன். கிளட்சை நான் மிதிக்கிறேன், கப்பியை நீங்கள் பாருங்கள்.